டைரக்டரியில் மாறிவிட்டது, தேடலில் மாறவில்லை

"டைரக்டரியில மாறிடுச்சு, கூகுள்ல ஏன் இன்னும் மாறல?" இணையதளங்களைப் பராமரித்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் இந்தக் கேள்விக்குத் தப்பவே முடியாது. சில சமயம் இது அப்படியே தலைகீழாகவும் வரும். தேடலில் புதுப் பெயர் வந்துவிட்டிருக்கும்; டைரக்டரியில், அதாவது தளங்களையும் நிறுவனங்களையும் பிரித்து அடுக்கிய பட்டியலில்தான், பழைய பெயர் அசையாமல் உட்கார்ந்திருக்கும். எப்படிக் கேட்டாலும் கேட்பவர் மனதில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: எங்கோ ஓர் இடத்தில் அசல் தகவல் இருக்கிறது, அதை மாற்றினால் எல்லா இடத்திலும் மாற வேண்டும், மாறவில்லை என்றால் யாரோ வேலை செய்யவில்லை.

அசல் என்று ஒன்று இருந்தால் அது உங்கள் தளம் மட்டும்தான். வெளியே தெரிவதெல்லாம் அதிலிருந்து எடுத்த பிரதிகள். ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் எடுத்தது. அடுத்து எப்போது வந்து எடுக்கலாம் என்று முடிவு செய்வதும் ஓர் இடத்தில் ஓர் ஆள், இன்னோர் இடத்தில் ஒரு நிரல். அதனால் "எப்போ அப்டேட் ஆகும்?" என்று கேட்பவரிடம் "நீங்க பார்த்தது எது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

டைரக்டரிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும். 1994-ல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தொடங்கியபோது யாஹூ ஒரு தேடுபொறியே அல்ல; கையால் பிரித்து அடுக்கிய தளங்களின் பட்டியல். 1998-ல் வந்த ஓப்பன் டைரக்டரி அதே வேலையைச் சம்பளமில்லாத தன்னார்வலர்களை வைத்துச் செய்தது. டிமாஸ் என்ற அதன் இன்னொரு பெயரைச் சொன்னால் பழைய ஆட்களுக்கு உடனே தெரியும். மனிதர்கள்தான் இதை இன்னும் நன்றாகச் செய்வார்கள் என்பது அதன் முழக்கம். 2017 மார்ச்சில் மூடப்பட்டபோது அதில் 38 லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் இருந்தன, பத்து லட்சத்துக்கு மேல் பிரிவுகள். பத்து லட்சம் பிரிவுகளையும் பொழுதுபோக்காக வந்து போகும் மனிதர்கள் பார்த்துக்கொள்வது என்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதில் ஒரு தளத்தைச் சேர்ப்பது இப்படி நடக்கும். பொருத்தமான பிரிவைத் தேடிப் பிடித்து, தளத்தின் முகவரி, தலைப்பு, இரண்டு வரி விவரம் எல்லாம் எழுதி அனுப்புவோம். அது அந்தப் பிரிவின் காத்திருப்பு வரிசையில் போய் விழும். அந்தப் பிரிவுக்கு ஓர் ஆசிரியர், அதாவது அதைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர், இருந்தால், அவருக்கு நேரம் இருந்தால், அவர் அந்த வரிசையைத் திறந்தால், நம்முடையதைப் பார்ப்பார். ஆசிரியர் இல்லாத பிரிவென்றால் மேல்மட்டப் பிரிவைப் பார்ப்பவர் எப்போதாவது எட்டிப்பார்க்க வேண்டும். கெடு எதுவும் கிடையாது. முதலில் அனுப்பியவருக்கே முதலிடம் என்ற விதியும் கிடையாது. ஆசிரியர் விரும்பிய வரிசையில் பார்ப்பார். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட தளத்தின் விவரத்தைத் திருத்தச் சொல்லி அனுப்பினாலும் இதே கதைதான். செத்துப்போன லிங்க்குகளைக் கண்டுபிடிக்க ரோபோஸில்லா என்றொரு நிரல் வைத்திருந்தார்கள். அது தளம் திறக்கிறதா இல்லையா என்று பார்க்கும். தளம் திறக்கிறது, ஆனால் அதைப் பற்றி எழுதியிருப்பது காலாவதியாகிவிட்டது என்றால் அதை ரோபோஸில்லா கண்டுபிடிக்காது. அதற்கு மனிதன்தான் வர வேண்டும்.

சரி, ஆசிரியர் வந்தார், திருத்தினார் என்றே வைத்துக்கொள்வோம். டிமாஸ் பக்கத்தில் மாறிவிடும். ஆனால் பெரும்பாலான மக்கள் டிமாஸ் பக்கத்தை நேரில் பார்த்ததே இல்லை. டிமாஸ் தன் பட்டியல் முழுவதையும் ஆர்டிஎஃப் என்ற வடிவில் பெரிய கோப்பாக அவ்வப்போது வெளியிடும். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு தங்கள் தளத்தில் டைரக்டரி நடத்தலாம். நூற்றுக்கணக்கானோர் நடத்தினார்கள். அதில் பெரியது கூகுள் டைரக்டரி. 2000-ல் தொடங்கி 2011 ஜூலையில் மூடினார்கள். பட்டியல் டிமாஸுடையது, அகரவரிசைக்குப் பதிலாகப் பேஜ்ரேங்க் (மற்ற தளங்கள் தரும் லிங்க்குகளை வைத்துக் கணிக்கும் முக்கியத்துவம்) வரிசையில் அடுக்கியது மட்டும்தான் கூகுளின் கைவண்ணம். கோப்பை எப்போது இறக்குவது, எப்போது ஏற்றுவது என்பதெல்லாம் கூகுளின் வசதி. ஆக, டிமாஸில் இன்று நடந்த திருத்தம் அடுத்த கோப்பு வெளியாகும் வரை காத்திருக்கும். அந்தக் கோப்பை கூகுள் எடுக்கும் வரை மறுபடியும் காத்திருக்கும். ஜெராக்ஸிலிருந்து எடுத்த ஜெராக்ஸ் மாதிரிதான்; அசலில் பேனாவால் திருத்தினால் இதில் எப்படித் தெரியும்?

2006 அக்டோபரில் டிமாஸின் முதன்மை சர்வர் மோசமாகப் படுத்துவிட்டது. டிசம்பர் வரை ஆசிரியர்களால் எதையுமே தொட முடியவில்லை. அந்த நாட்களில் பொதுமக்களுக்குத் தெரிந்தது பழைய பிரதி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டைரக்டரி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு எழுத்துகூட மாறவில்லை. நின்றுபோனதற்கும் மெதுவாக நடப்பதற்கும் வெளியே நிற்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்பது இந்த விஷயம் முழுவதற்குமே பொருந்தும். எரிச்சல் வருவதும் அதனால்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தேடல் முடிவுக்குள்ளேயும் டைரக்டரி புகுந்து உட்கார்ந்திருந்தது. ஒரு தளத்துக்கு என்ன தலைப்பு போடுவது, கீழே என்ன இரண்டு வரி காட்டுவது என்று தேடுபொறி முடிவு செய்யும்போது, டிமாஸில் ஆசிரியர் எழுதிய விவரத்தை எடுத்துப் போட்டுவிடும். உங்கள் பக்கத்தை நேற்றுதான் வந்து படித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் காட்டுவது யாரோ ஒருவர் என்றோ எழுதிய இரண்டு வரி. தள உரிமையாளர்கள் கத்திக் கதறிய பிறகு 2006-ல் மைக்ரோசாஃப்டும் கூகுளும் ஒரு வழி கொடுத்தன. பக்கத்தின் நிரலில் 'நோஓடிபி' என்று ஒரு மெட்டா குறிப்பைப் போட்டால் டைரக்டரி விவரத்தை எடுக்காது. அந்தக் குறிப்பு வேலை செய்யவும் தேடுபொறி மறுபடி வந்து அதைப் படிக்க வேண்டும் என்பது தனிக்கதை. டிமாஸ் மூடிய பிறகுதான் அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

இனி தேடுபொறியின் பக்கம். அதன் கடிகாரமும் எப்போதும் இன்றுபோல் ஓடியதில்லை. 2003 வரை கூகுளின் அட்டவணை, அதாவது படித்த பக்கங்களைத் தேடுவதற்காக அது சேர்த்து வைக்கும் தொகுப்பு, ஏறக்குறைய மாதம் ஒருமுறைதான் மொத்தமாகப் புதுப்பிக்கப்பட்டது. அந்தப் புதுப்பிப்பு ஒரே நொடியில் எல்லா டேட்டா சென்டருக்கும் போகாது. பல நாள் பரவும். அந்த நாட்களில் ஒரே சொல்லைத் தேடினால் இப்போது ஒரு முடிவு, கொஞ்ச நேரத்தில் வேறொரு முடிவு. எந்த டேட்டா சென்டர் பதில் சொல்கிறதோ அதைப் பொறுத்தது. 'கூகுள் டான்ஸ்' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். தளம் நடத்தியவர்கள் மாதக் கடைசியில் தேர்வு முடிவு பார்ப்பதைப்போல உட்கார்ந்திருப்பார்கள். 2003 கோடையில் அந்த ஆட்டம் நின்றது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கும் முறைக்கு மாறினார்கள். அப்போதும் அட்டவணை பல அடுக்குகளாகத்தான் இருந்தது. முக்கிய அடுக்கு புதுப்பிக்கப்பட இரண்டு வாரம் போல ஆகும். 2010 ஜூனில் கேஃபீன் என்ற புதிய ஏற்பாடு வந்த பிறகுதான் ஒரு பக்கத்தைப் படித்தவுடன் அதை மட்டும் அட்டவணையில் சேர்க்க முடிந்தது. அதுவரை ஓர் அடுக்கைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இணையம் முழுவதையும் மறுபடி அலசியாக வேண்டும்.

படித்த பிறகு சேர்ப்பது வேகமாகிவிட்டது. படிக்க எப்போது வருவது என்பதுதான் இன்றுவரை தீராத சிக்கல். இணையத்தில் இருக்கும் அத்தனை பக்கங்களையும் தினமும் வந்து பார்க்க யாராலும் முடியாது. ஆகவே பக்கங்களைச் சுற்றிவந்து படிக்கும் நிரலான கிராலர் ஊகிக்கிறது. இந்தப் பக்கம் எவ்வளவு அடிக்கடி மாறும், மாறினால் யாருக்காவது முக்கியமா, இந்த சர்வர் எவ்வளவு தாங்கும்? இதையெல்லாம் வைத்து ஒரு கணக்குப் போடுகிறது.

ஸ்டான்ஃபோர்டில் ஜங்கூ சோ, ஹெக்டர் கார்சியா-மொலினா இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு மிகவும் பிடித்தது. 7,20,000 பக்கங்களை நான்கு மாதம் தினமும் போய்ப் பார்த்தார்கள். டாட் காம் பக்கங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தினமும் மாறிக்கொண்டிருந்தன. கல்வி, அரசுத் தளங்களில் பாதிக்கு மேல் அந்த நான்கு மாதமும் மாறவே இல்லை. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே இடைவெளியில் பார்த்தால் நேரம் வீண்தானே, அடிக்கடி மாறுவதை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். அவர்கள் கணக்கு வேறு மாதிரி வந்தது. ஒரு பக்கம் ஒரு நாளைக்கு ஒன்பது முறை மாறுகிறது, இன்னொன்று ஒரே முறை மாறுகிறது, நம்மால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பக்கத்தைத்தான் பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்ப்பது? மெதுவாக மாறுவதைப் பார்ப்பதுதான் லாபம். வேகமாக மாறும் பக்கத்தின் பிரதி எடுத்த கொஞ்ச நேரத்தில் ஊசிப்போய்விடும். மற்றதன் பிரதி அதைவிட அதிக நேரம் தாங்க வாய்ப்புண்டு. இதைப் படித்த நாளிலிருந்து, தினமும் முகப்பில் ஒரு வரியை மாற்றினால் கூகுள் ஓடி வரும் என்று யார் ஆலோசனை சொன்னாலும் சிரிப்புதான் வருகிறது. நிஜத் தேடுபொறிகள் இதோடு பக்கத்தின் முக்கியத்துவத்தையும் சேர்த்துத்தான் பார்க்கின்றன, அது வேறு. ஆனால் 'நிறைய மாற்று, நிறைய வருவான்' என்ற நேர்க்கோட்டுக் கணக்கு அங்கே இல்லை.

இதனால் அதிகம் அடிபடுவது ஒரே வகைத் தளம்தான்: பல வருடம் கல் மாதிரிக் கிடந்துவிட்டு ஒருநாள் திடீரென்று பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் மாற்றும் தளம். கிராலர் இவ்வளவு காலமும் வந்து வந்து ஏமாந்து, 'இது மாறாது' என்று தெரிந்துகொண்டிருக்கிறது. அது கற்றுக்கொண்டதில் பிழையே இல்லை.

சர்வர் பதிவேட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு வரியில் நேரம், கூகுள்பாட் என்ற கூகுள் கிராலரின் பெயர், கேட்ட பக்கத்தின் முகவரி, அப்புறம் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். 200 என்றால் முழுப் பக்கத்தையும் கொடுத்தோம். 304 என்றால் "நீ போன தடவை எடுத்ததிலிருந்து எதுவும் மாறவில்லை" என்று நம் சர்வரே சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறது. பக்கத்தை மாற்றிய பிறகும் அந்த இடத்தில் 304 நின்றால் தேடுபொறியைத் திட்டிப் பயனில்லை. நடுவில் இருக்கும் ஏதோ ஒரு கேஷ், அதாவது பக்கத்தின் பிரதியைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் இடம், பழைய தேதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கூகுள் மாற்றவில்லை என்று வந்த புகார்களில் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்தப் பதிவேட்டைத்தான். வரியே இல்லையென்றால் கிராலர் இன்னும் வரவில்லை, பொறுக்கலாம். 304 இருந்தால் நம் வீட்டு வேலை. 200 இருந்தும் பழையதே தெரிகிறது என்றால்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

அப்போது ஒரு தேடல் முடிவை உடைத்துப் பார்க்க வேண்டும். பார்க்க ஒரே துண்டாகத் தெரியும். உள்ளே நாலைந்து இடத்துச் சரக்கு. கீழே இருக்கும் இரண்டு வரி, பக்கத்திலிருந்தே வந்திருக்கும். தேடும் சொல்லை மாற்றினால் அதுவும் மாறும். தலைப்பு உங்கள் பக்கத்தின் தலைப்பாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உள்ளே இருக்கும் பெரிய எழுத்துத் தலைப்பாக இருக்கலாம், அல்லது மற்ற தளங்கள் உங்களுக்கு லிங்க் கொடுக்கும்போது எழுதிய சொற்களாகவும் இருக்கலாம். கூகுளே தன் ஆவணத்தில் இதைச் சொல்கிறது. அதாவது பழைய பெயரைத் தாங்கிய ஒரு டைரக்டரிப் பக்கம், டிமாஸ் காலம் முடிந்த பிறகும், பின்வாசல் வழியாக உங்கள் தலைப்பில் கை வைக்க முடியும். பெயருக்குப் பக்கத்தில் வரும் சின்ன ஐகான் தனியாக எடுக்கப்படுகிறது. அது மாற இன்னும் நாளாகும். வலது பக்கப் பெட்டியில் தெரியும் முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்கள் பக்கத்தைச் சேர்ந்ததே அல்ல. அது நிறுவன விவரப் பட்டியலிலிருந்து வருகிறது. அங்கே உரிமையாளர் திருத்தலாம், வழிப்போக்கர் யாராவது திருத்தம் சொல்லலாம், வேறு மூலங்களிலிருந்தும் தகவல் வந்து சேரலாம், நடுவில் ஒரு பரிசீலனையும் உண்டு. இத்தனையும் ஒரே சட்டத்துக்குள் நிற்பதால், எல்லாம் ஒரே நாளில் எடுத்தது என்று கண் நம்பிவிடுகிறது.

இன்றைய டைரக்டரிகளில் கையால் எழுதும் ஆசிரியர்கள் குறைவு. பெரும்பாலானவை தகவல் திரட்டும் நிறுவனங்களிடமிருந்து மொத்தமாக வாங்கி ஏற்றுகின்றன. வேகம் கூடியிருக்க வேண்டும். ஆனால் புதிதாக ஒரு கிறுக்குத்தனம் சேர்ந்துகொண்டது. நான் பார்த்துக்கொண்ட ஓர் அமைப்பு பெயரையும் எண்ணையும் மாற்றியது. ஒரு டைரக்டரியில் உள்நுழைந்து இரண்டையும் திருத்தினோம், உடனே மாறியது. கொஞ்ச நாளில் அங்கே மறுபடி பழைய எண். திருத்தினோம். மறுபடி பழைய எண். அமைப்பின் செயலாளர் போன் செய்து, "சார், யாரோ வேணும்னே பண்றாங்க சார்" என்றார். யாரும் எதுவும் பண்ணவில்லை. மேலிருந்து வரும் கோப்பில் பழைய எண்ணே இருந்தது; ஒவ்வொரு முறை புதிய கோப்பு ஏறும்போதும் அது எங்கள் திருத்தத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இது போதாதென்று, புதுப் பெயரும் புது எண்ணும் பழையவற்றோடு ஒத்துப்போகாததால், இது வேறொரு அமைப்பு என்று நினைத்து அந்த நிரல் இரண்டாவதாக ஒரு பதிவையும் உருவாக்கியிருந்தது. இப்போது பழைய பெயரில் ஒன்று, புதுப் பெயரில் ஒன்று. இரண்டு பதிவுகளின் பக்கங்களையும் தேடுபொறி தனக்கு வசதிப்பட்ட நாளில் வந்து படித்துக்கொண்டு போனது. தேடினால் புதுப் பெயரில் தளம், அதற்கு அடுத்த வரியிலேயே பழைய பெயரில் டைரக்டரிப் பக்கம். மேலே தகவல் தருபவரிடம் போய்த் திருத்திய பிறகுதான் அடங்கியது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் தளம். அடுத்து, டைரக்டரிகள் எங்கிருந்து எடுக்கின்றனவோ அந்த இடம். அப்புறம் டைரக்டரிகள். இதைக் கீழிருந்து மேலாகச் செய்தால் திருத்திக்கொண்டே இருக்கலாம். தேடுபொறியைக் கடைசியில் கூப்பிட்டால் போதும். கூப்பிட வழிகள் இருக்கின்றன. தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் கொடுக்கும் கோப்புதான் சைட்மேப். 2005-ல் கூகுள் தொடங்கிய அதை மறு ஆண்டே யாஹூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொண்டன. அதில் ஒவ்வொரு பக்கமும் கடைசியாக மாறிய தேதியைச் சொல்லலாம். அந்தத் தேதி உண்மையாக இருந்தால் மட்டுமே கூகுள் அதைப் பொருட்படுத்தும். எல்லாப் பக்கத்துக்கும் தினமும் இன்றைய தேதியைப் போட்டு அனுப்பும் மென்பொருள்கள் இருக்கின்றன. சொல்வதை யாரும் கேட்காமல் போக அதைவிடச் சிறந்த வழி கிடையாது. 2021-ல் பிங்கும் யாண்டெக்ஸும் சேர்ந்து இன்டெக்ஸ்நவ் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. கிராலர் வரும் வரை காத்திராமல் "இந்தப் பக்கம் மாறிவிட்டது" என்று தளமே தகவல் அனுப்பும் முறை. தொடங்கியபோது கூகுள் அதில் இல்லை. எந்த வழியில் கூப்பிட்டாலும் அது அழைப்புதான். வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது.

சேர்ப்பதைவிட நீக்குவது இன்னும் மெதுவாகத் தெரியும். பக்கத்தை அழித்துவிட்டோம், ஆனால் முடிவில் நிற்கிறது. கிராலர் மறுபடி வந்து இல்லை என்று தெரிந்துகொண்டால்தானே எடுக்கும்? அதுவும் சர்வர் தற்காலிகமாகப் படுத்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் இன்னும் சில தடவை வந்து பார்க்கும். அவசரத்துக்குக் கூகுளின் நீக்கக் கருவி இருக்கிறது. அது ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு மறைத்து வைக்கும், அவ்வளவே. அதற்குள் அசல் பக்கம் போயிருக்க வேண்டும். டைரக்டரிப் பக்கத்தை நாம் நீக்கச் சொல்ல முடியாது, அது நம் தளமே இல்லை. அங்கே தகவல் மாறிய பிறகும் தேடலில் பழைய வரி தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் கருவி ஒன்று தனியாக இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது.

டொமைனையே மாற்றுபவர்கள் பழைய முகவரியிலிருந்து புதியதுக்குத் திருப்பிவிடுகிறார்கள். அந்தத் திருப்பலைக் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். தேடுபொறிக்கு அது போதும். ஆனால் யாரும் கவனிக்காத டைரக்டரிகளில், அவற்றை நகலெடுத்த தளங்களில், அந்தப் பழைய முகவரி பத்து வருடம் கழித்தும் இருக்கும். அதை யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை, மக்கள் மட்டும் அவ்வப்போது அதைத் தட்டி வருவார்கள். பணம் மிச்சம் என்று பழைய டொமைனைக் கைவிட்டால் வேறு யாராவது அதை வாங்கி சூதாட்டத் தளம் நடத்தலாம். அப்போது அந்தப் பழைய லிங்க்குகள் எல்லாம் அங்கே போய் நிற்கும். ஒரு வருடம் ஆயிற்று, இனி விட்டுவிடலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.